வாதாபியில் ஒரு சிறு காமிரா

கதக் சந்திப்பை விட்டு வடக்கே திரும்பும் ரயில், கரிசல் மண்ணும் சோளக் கொல்லையுமாக நெடுநேரம் ஒரே மாதிரியான சமவெளியில் ஓடிவிட்டு, பிறகு செந்நிறப் பாறைக் குன்றுகளைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும்போது, வாதாபி என்ற பெயரோடு தமிழர் மனத்தில் படிந்து கிடக்கும் சரித்திரமும் கதையும் சேர்ந்தே எழுந்து வருவதைத் தடுக்க முடிவதில்லை. 642-ஆம் ஆண்டில் மாமல்லன் நரசிம்மவர்மனின் சேனை இந்த நகரத்தைக் கைப்பற்றியதும், அவன் பொறித்த கல்வெட்டு ஒன்று சிதைந்த எழுத்துக்களோடு இங்கே ஒரு பாறையில் இன்னும் இருப்பதும், அந்தப் படையெடுப்பைக் கல்கி 'சிவகாமியின் சபத'த்தில் விஸ்தாரமாக எழுதி நம்மில் பலருக்குப் பள்ளிப் பருவத்திலேயே வாதாபிக் கோட்டை வாசலைக் காட்டிவிட்டதும் சேர்ந்து, முதல் முறையாக வருகிறவனுக்குக்கூட இது ஏற்கெனவே பழகிய ஊர் என்ற மயக்கத்தை உண்டாக்குகின்றன. இன்றைய பாதாமியோ பாகல்கோட் ஜில்லாவில் ஒரு சிறிய தாலுகா நகரம். ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கடைவீதியைத் தாண்டி, குரங்குகளின் ஆட்சிக்கு உட்பட்ட ஒரு குன்றின் அடிவாரத்தில் இறங்க வேண்டும்.

இந்தப் பிரயாணத்தில் என் சட்டைப் பையில் ஒரு காமிரா இருந்தது. சட்டைப் பை என்று அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ரிக்கோ கம்பெனியின் ஜி.ஆர். 3 என்னும் அந்தக் காமிரா, பாட்டரியும் மெமரி கார்டும் உட்பட 257 கிராம் எடை. நீளம் 11 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அதனுள் இருக்கும் சென்சார் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர், கழுத்து நரம்பை இழுக்கும் பெரிய காமிராக்கள் பலவற்றில் இருப்பதும் இதே அளவுதான். 2019-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இந்தக் கருவிக்கு ஜூம் கிடையாது, கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கிடையாது, ஃபிளாஷும் கிடையாது. இத்தனை இல்லாமைகளுக்கு இவ்வளவு விலையா என்று வீட்டில் கேட்டார்கள். அப்போது என்னிடம் சமாதானம் எதுவும் இல்லை. 1996-இல் பிலிம் காமிராவாகப் பிறந்து, 2005-இல் டிஜிட்டலாக மாறி, 2013-இல் பெரிய சென்சாரைப் பெற்ற இந்த வம்சத்துக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் நகர வீதிகளில் திரியும் படக்காரர்கள். டோக்கியோவின் சந்து பொந்துகளைக் கரடுமுரடான கறுப்பு வெள்ளையில் பதிவு செய்த மோரியாமா டைடோ இந்த வரிசைக் காமிராக்களை நெடுங்காலம் கையாண்டவர். வீதிக்கென்று பெயர் வாங்கிய கருவி குகைக்கோயிலில் என்ன செய்யும் என்று அறிந்துகொள்ளும் ஆவல் எனக்கு இருந்தது.

காமிராவின் சுமையைப் பற்றி யோசிக்கிறவன் பாதாமியில் தாமஸ் பிக்ஸை நினைக்காமல் இருக்கலாகாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் பீரங்கிப் படையைச் சேர்ந்த அந்த அதிகாரி, 1855-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக நியமிக்கப்பட்டு, பீஜப்பூர், ஐஹொளெ, பட்டடகல், பாதாமி ஆகிய ஊர்களின் கட்டடங்களையும் சிற்பங்களையும் பதிவு செய்தார். கண்ணாடியும் பிலிமும் அல்ல, ரசாயனம் தோய்த்த காகிதமே அவருக்கு நெகடிவ். பெரிதாக்கிப் பிரதி எடுக்கும் வசதி இல்லாத அக்காலத்தில் படம் எவ்வளவு பெரியதாக வேண்டுமோ அவ்வளவு பெரிய காகிதம், அந்தக் காகிதத்தைக் கொள்ளும் அளவுக்கு மரப்பெட்டி, அதைத் தாங்க முக்காலி, காகிதத்தைப் பதப்படுத்தத் திராவகங்கள், இருட்டு அறைக்கு ஒரு கூடாரம் என்று உபகரணம் பெருகிக்கொண்டே போகும். லென்ஸைத் திறந்து வைத்துவிட்டு நிமிஷக் கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். அவருடைய படங்களில் பல 1866-இல் தார்வார், மைசூர்ப் பகுதிகளின் கட்டடக் கலையைப் பற்றி வெளிவந்த நூலில் இடம் பெற்றன. அவர் ஆட்களை வைத்துச் சுமந்த அத்தனையும் இன்று என் சட்டைப் பையில் அடங்கிவிட்டது என்று பெருமை பேச எனக்கு உரிமை இல்லை; ஏனென்றால், ஒரு படத்துக்கு அவ்வளவு பாடுபட்ட மனிதர் எங்கே நின்று எடுப்பது என்பதை நிச்சயமாக நெடுநேரம் யோசித்திருப்பார். காமிரா சுருங்கச் சுருங்க நமக்கு முதலில் போனது அந்த யோசனைதான்.

குன்றின் மேல் ஏறுகிறவர்களை எதிர்கொள்ளும் முதல் குகைக்கு வெளியே, வலப்பக்கப் பாறையில், பதினெட்டுக் கைகளோடு ஆடுகிறான் சிவபெருமான். உள்ளூர் வழிகாட்டிகள், ஒருபுறத்து ஒன்பது கைகளையும் மறுபுறத்து ஒன்பது கைகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 81 முத்திரைகள் என்று கணக்குச் சொல்லி, கூட்டத்தாரை மூச்சு வாங்க வைத்துவிட்டு அடுத்த குகைக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் காமிராவை எடுத்தேன். இதன் லென்ஸ் பழைய பிலிம் கணக்கில் 28 மில்லிமீட்டருக்குச் சமமானது. தூரத்தில் நின்றால் நடராஜர் ஒரு மூலையில் சிறுத்துப்போய், பாறையும் படிக்கட்டும் செருப்பு விட்ட இடமும் படத்தை ஆக்கிரமித்துக்கொள்ளும். ஆகையால் நாலைந்து அடி தூரம்வரை நெருங்கித்தான் ஆகவேண்டும். அப்படி நெருங்கி நேர் எதிரே நின்றபோது கைகளெல்லாம் ஒரே தட்டில் ஒட்டி வைத்தவை போலத் தோன்றின. ஓரடி இடப்பக்கம் நகர்ந்தேன். உடனே முன்கைகள் மார்பைவிட்டு விலகின. பின்கைகள் பாறைக்குள் பின்வாங்கின. இரண்டுக்கும் நடுவே மெல்லிய நிழல் ஒன்று வந்து புகுந்தது. கைகளை விசிறியாக அடுக்கிய சிற்பி ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஆழத்தில் கொத்தியிருக்கிறான் என்பது, அந்த ஓரடியை நான் எடுத்து வைக்கும்வரை எனக்குத் தெரியவில்லை. ஜூம் உள்ள காமிராவாக இருந்திருந்தால் வழிகாட்டியின் கூட்டத்தோடு நின்றபடியே சிற்பத்தை என்னிடம் இழுத்திருப்பேன், கைகளின் எண்ணிக்கை படத்தில் சரியாக வந்திருக்கும், ஆழம் வந்திராது.

மூன்றாம் குகையைப் பற்றி எழுதுவதென்றால் எழுதிக்கொண்டே இருக்கலாம். நான்கு குகைகளிலும் பெரியதும் அழகியதும் அதுதான்; சளுக்கிய இளவரசன் மங்களேசன் பொறித்த கல்வெட்டில் சக ஆண்டு 500, அதாவது கி.பி. 578 என்று காலமும் தெளிவாகக் குறிக்கப்பட்டிருப்பதால், சரித்திரக்காரர்களுக்கு அது ஓர் அளவுகோல். தாழ்வாரத்தின் ஒரு கோடியில் ஆதிசேஷனின் சுருள்மேல் கம்பீரமாக வீற்றிருக்கும் விஷ்ணு. மறு கோடியில் காலைத் தூக்கி உலகளக்கும் திரிவிக்கிரமன். பக்கத்தில் வராகமும், நின்ற கோலத்து நரசிம்மமும், ஹரிஹரனும். வெளிச்சம் முன்புறத் திறப்பின் வழியாக மட்டுமே வருகிறது. அதுவும் நேராக வருவதில்லை, முற்றத்துச் செந்நிறக் கல்லில் பட்டுத் தெறித்து, தானும் சிவந்துகொண்டு வருகிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள ஸ்தலங்களில் முன் அனுமதி பெறாமல் முக்காலி வைக்க முடியாது. மங்கலான இடத்தில் ஆடாமல் படமெடுக்க ஒரு தூணின்மேல் சாய்வதும் தர்மம் அன்று. எல்லாத் தூண்களிலும் வேலைப்பாடு.

இங்கேதான் இந்தச் சிறு கருவியின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. கை நடுங்கினால் அந்த நடுக்கத்துக்கு எதிராகச் சென்சாரையே மூன்று விதமான அசைவுகளில் நகர்த்திச் சமன் செய்யும் அமைப்பு ஒன்று இதனுள் இருக்கிறது. லென்ஸின் துவாரத்தை எஃப் 2.8 என்று முழுக்கத் திறந்து, ஐ.எஸ்.ஓ.வை 1600-இல் நிறுத்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு, ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்தால், ஆதிசேஷனின் படத்தில் செதில் கோடுகள் கலையாமல் வருகின்றன. எல்லாப் படமும் அப்படி வரும் என்று சொல்லவில்லை. ஒன்றுக்கு மூன்றாக எடுத்து வைத்துக்கொள்வது விவேகம். நிறத்தைக் காமிராவின் பொறுப்பில் விட்டால், இத்தனை சிவப்பு ஏதோ கோளாறு என்று அது தீர்மானித்து, பாறையை வெளிற அடிக்கப் பார்க்கும். வெண்மைக் கணக்கைப் பகல் வெளிச்சத்துக்கென்று நிலையாக நிறுத்திவிட்ட பிறகுதான் பாதாமியின் நிறம் பாதாமியின் நிறமாக வந்தது.

குகையின் அடிப்பீடத்தில் பூதகணங்கள் இருக்கின்றன. திரிவிக்கிரமனைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறவர்களின் முழங்காலுக்குக் கீழே, யாரும் குனிந்து பாராத உயரத்தில், கட்டம் கட்டமாக, இரண்டிரண்டு பேராக, தொந்தியும் தொப்பையுமாக ஆடிக்கொண்டிருக்கும் இந்தக் குள்ளர்களில் ஒருவனைப்போல் இன்னொருவன் இல்லை. மேலே புராணத்தைக் கொத்திய கைகள் கீழே விளையாடியிருக்கின்றன. பெரிய காமிராவோடு அங்கே படுத்துத்தான் எடுக்க வேண்டும். பாதாமியின் காவலாளிகள் அதை எவ்வளவு தூரம் ரசிப்பார்களோ தெரியாது. இந்தக் காமிராவையோ உள்ளங்கையில் வைத்துத் தரையோடு தாழ்த்தினால் போதும். மாக்ரோ பொத்தானை அழுத்தினால் 6 சென்டிமீட்டர் வரை கிட்டே போகலாம். ஒரு பூதகணத்தின் முகத்தைக் காமிராவின் சிறிய திரையில் பார்த்தேன். மூக்கின் நுனி தேய்ந்திருந்தது. ஆனால் இடக் கன்னம் மட்டும் உப்பியிருந்தது. ஆட்டத்தில் மூச்சை அடக்கியிருக்கிறானா, வாயில் ஏதாவது அடக்கியிருக்கிறானா? அந்தக் கன்னத்தில் உளியின் சாய்வுக் கோடுகள் இரண்டு, மெருகிடாமல் விட்டபடியே, ஆயிரத்து நானூறு வருஷங்களுக்குப் பிறகும் தெரிகின்றன.

இதையெல்லாம் போனிலேயே எடுக்கலாமே என்று என்னோடு வந்த நண்பர் சொன்னார், எடுத்தும் காட்டினார். அவர் படம் பளிச்சென்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய போன்கள் ஒரு முறை அழுத்தினால் பல படங்களை எடுத்து, அவற்றைத் தமக்குள் கலந்து, இருட்டை எல்லாம் வெளுத்து, ஒரே படமாக நீட்டுகின்றன. அந்தப் படத்தில் மூன்றாம் குகை, டியூப் லைட் போட்ட கல்யாண மண்டபம் போல் மூலை முடுக்கெல்லாம் வெளிச்சமாக இருந்தது. வீட்டார்க்கு அனுப்ப அது மிகவும் உசிதம். ஆனால் குகைக்குள் இருட்டு என்பது குறை அன்று. மலையைக் குடைந்தவன் தூணுக்குத் தூண் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், கருவறையில் கொண்டுபோய் நம்மை விடுகிறான். அந்த இறக்கத்தை அப்படியே வைத்திருக்கும் படம்தான் எனக்கு வேண்டும். ஜி.ஆர். 3 இருட்டை இருட்டாகவே விட்டுவைக்கிறது. அதன் ராக் கோப்பில் நிழலுக்குள் விவரம் ஒளிந்து கிடப்பதால், பிறகு வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் கொஞ்சம் தூக்கிவிடலாம். எவ்வளவு தூக்குவது என்பதை முடிவு செய்கிறவன் நானாக இருப்பதில் எனக்கு ஒரு திருப்தி. நண்பர் இதை வறட்டுப் பிடிவாதம் என்றார்.

குகையை விட்டு வெயிலுக்கு வந்ததும் கருவியின் சுபாவம் மாறிவிடுகிறது. உச்சி வேளையில் எந்தத் திரைதான் கண்ணுக்குத் தெரியும்? வ்யூஃபைண்டர் இல்லாத காமிராவை வைத்துக்கொண்டு, திரையில் நம் முகத்தின் பிரதிபிம்பத்தையே பார்த்தபடி, உத்தேசமாகக் குறிபார்க்க வேண்டியதுதான். இந்த உத்தேசத்துக்கு உதவியாக ஒரு பழைய தந்திரம் இதில் இருக்கிறது. ஸ்னாப் போகஸ் என்கிறார்கள். தூரத்தை 2.5 மீட்டர் என்று முன்கூட்டியே நிறுத்தி, துவாரத்தை எஃப் 8 என்று சுருக்கி வைத்துவிட்டால், ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து அடிவானம் வரைக்கும் எல்லாம் தெளிவாக விழும். பொத்தானைப் பாதி அழுத்திக் காத்திருக்கும் வேலையே இல்லை. ஒரே அழுத்தாக அழுத்தினால் அந்தக் கணமே படம். அகஸ்திய தீர்த்தத்தின் படித்துறையில் துணி துவைக்கும் ஓசை எதிர்க்கரைப் பாறையில் மோதித் திரும்பும் இடத்தில் ஒரு தாய்க் குரங்கு, ஒரு யாத்ரீகரின் கையிலிருந்த வாழைப்பழச் சீப்பைப் பறித்துக்கொண்டு பூதநாதர் கோயில் பக்கமாகப் பாய்ந்தது. இடுப்புயரத்தில் இருந்த கை தானாக அழுத்திவிட்டது. குரங்கும், வாழைப்பழமும், அதைவிட முக்கியமாக அந்த யாத்ரீகரின் திறந்த வாயும் தெளிவாக விழுந்திருந்தன. பாதாமியில் நான் எடுத்த சிற்பமல்லாத படங்களில் அதுவே தலைசிறந்தது என்று நண்பர் தீர்ப்பளித்தார், மேல்முறையீடு செய்யவில்லை.

பாட்டரி சுமார் 200 படங்களுக்குத்தான் தாங்கும் என்று தயாரிப்பாளர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆகவே மாற்றுப் பாட்டரி இரண்டு சட்டையின் மறு பைக்குப் போயின. தூசிக்கும் மழைக்கும் தடுப்பு இல்லை. பாதாமியின் செம்புழுதியில் கைக்குட்டையில் சுற்றி வைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் பட்டடகல். மலப்பிரபை நதிக்கரையில் ஏழு, எட்டாம் நூற்றாண்டுக் கோயில்கள் ஒரு புல்வெளியில் நெருங்கி நிற்கின்றன. 1987 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அவற்றுள் விருபாக்ஷர் கோயிலின் முன் நிற்கும் தமிழனுக்கு, காஞ்சி கைலாசநாதர் நினைவுக்கு வராமல் போகாது. மாமல்லன் வாதாபியை வென்று நூறு ஆண்டுகள் கழியும் சமயத்தில் சளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். பிடித்தவன் நகரத்தை அழிக்காமல், கைலாசநாதருக்கு உரிய செல்வத்தை அவருக்கே திருப்பி அளித்து, அதைக் கன்னட மொழியில் அந்தக் கோயில் தூணிலேயே பொறித்து வைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவனுடைய பட்டத்தரசி லோகமகாதேவி 740-ஆம் ஆண்டையொட்டி எழுப்பியதுதான் விருபாக்ஷம். பழிக்குப் பழி என்று தொடங்கிய விவகாரம் நான்கு தலைமுறை தாண்டி ஒரு கோயிலின் சாயல் இன்னொரு கோயிலில் வந்து அமர்வதாக முடிந்தது, போர்களின் சரித்திரத்தில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல.

உள்ளே மகாமண்டபத்தின் தூண்களில் ராமாயணமும் பாரதமும் பட்டை பட்டையாக, சாண் உயரத்துக்கு மேற்படாத உருவங்களில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல் ஜன்னல்களின் துளைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் விழுகிறது. அந்தக் காசுகள் வெந்துபோகாமல், கதை செதுக்கிய தூணும் கறுத்துப்போகாமல் இரண்டையும் ஒரே படத்தில் பிடிப்பது கடினம். வெளிச்சமான பகுதிக்கு முன்னுரிமை தரும் ஓர் அளவீட்டு முறை காமிராவில் உண்டு. அதை வைத்து எடுத்ததில் காசுகள் பிழைத்தன. தூணை அப்புறம் கம்ப்யூட்டரில் மீட்டுக்கொண்டேன். பூஜை நடக்கும் கோயில் அது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அதன் ஓசை பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த மூதாட்டியின் காதுக்கும் எட்டவில்லை. கருவறை வாசலில் காமிரா மறுபடி பைக்குள் போயிற்று.

ஆனால் பட்டடகல்லில் இந்தக் கருவி தோற்கும் இடங்களும் உண்டு. விமானத்தின் மேல் தளங்களிலும் உட்கூரையிலும் உள்ள சிற்பங்கள் 28 மில்லிமீட்டர் லென்ஸுக்கு எட்டாதவை. காலால் நடந்து நெருங்கும் உபாயம் ஆகாயத்தில் செல்லாது. படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து 50 மில்லிமீட்டர் போலக் காட்டும் வசதி இருக்கிறது என்றாலும், 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளில் 70 லட்சம்தான் மிஞ்சும். காமிராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரத்தின் நேர்க்கோடுகள் மேலே போகப் போகக் குவிந்து, கோயில் பின்னால் மல்லாந்து விழுவதுபோல ஆகிவிடும். கல்லின் உச்சியை ஆராய்கிறவர் நீண்ட லென்ஸ் உள்ள வேறொரு காமிராவைச் சுமந்து வரட்டும். மனித உயரத்தில், கை எட்டும் தூரத்தில் இருக்கும் சிற்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிறு கருவியை நான் கையாண்டதில்லை.

திரும்பும் வழியில் பனசங்கரி. அம்மன் கோயில் குளக்கரை மண்டபத்தருகே, இல்கல் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிய பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்து, வீட்டில் தட்டிச் சுட்டுக் கொண்டுவந்த சோள ரொட்டியை விற்கிறார்கள். காகிதத்துணுக்கில் இரண்டு ரொட்டி, எண்ணெய் மிதக்கும் கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, வேர்க்கடலைப் பொடி, சிறு மண்சட்டியில் கெட்டித் தயிர். முரட்டுப் பசிக்கு ஏற்ற முரட்டுச் சாப்பாடு. கூடைக்காரி பரிமாறும் கையைப் படமெடுக்கலாமா என்று எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். "எடுத்துக்கொள், அண்ணா" என்றவள், பையிலிருந்து வெளிவந்த பொருளைப் பார்த்து, "இத்தனூண்டா? போன் இல்லையா உன்னிடம்?" என்றாள். எடுத்த படத்தைத் திரையில் காட்டினேன். விரல் நுனியில் ஒட்டிய சோளமாவும், கண்ணாடி வளையலும், ரொட்டியின் கருகிய புள்ளிகளும் துல்லியமாக வந்திருந்தன என்று எனக்குள் சந்தோஷம். அவள் காமிராவை என் கையோடு சேர்த்துத் தன் பக்கம் திருப்பி, உற்றுப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினாள்.

"கத்தரிக்காய் எங்கே?"

கத்தரிக்காய் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது. பக்கத்துக் கூடைக்காரியிடம் அதைச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சட்டியை முன்னால் நகர்த்தி, அதிலிருந்து முழுசாக ஒரு காயை எடுத்து ரொட்டியின் நடுவே வைத்து, எண்ணெயையும் ஒரு கரண்டி மேலே ஊற்றி, "இப்போது எடு, இன்னும் கிட்டே வா" என்றாள்.